எடு, ஒப்பிடு, தாவு, தள்ளு

ஆரம்பத்திலிருந்து ஆரம்பிப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவில் ஒருவராவது இருப்பார். இல்லையென்றால் உங்கள் தெருவில் இன்னும் முழுதாக ஆள் குடியேறவில்லை என்று அர்த்தம். அவரிடம் காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடித்துத் தரச் சொல்லிப் பாருங்கள். ஆணியை வாங்கிப் புரட்டிப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், இந்த ஆணி சரிப்படாது என்பார், இன்றைக்குச் சந்தையில் உள்ள எந்த ஆணியுமே சரிப்படாது என்பார், ஆணியின் கொண்டை ஏன் வட்டமாக இருக்கிறது என்று யாராவது யோசித்ததுண்டா என்று உங்களையே குற்றவாளி ஆக்குவார், அப்புறம் தானே ஓர் ஆணி செய்யப் போகிறேன் என்று கிளம்பிப் போவார். காலண்டர் தரையில் கிடக்கும். மாதங்கள் அது பாட்டுக்குப் போகும்.

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். சோம்பேறியாக இருந்தால் நமக்கு எவ்வளவோ நன்மை. இவர் உழைப்பாளி. ஆபத்தே அதுதான்.

இந்த இனத்தின் முதல் தரமான மாதிரி ஒருவர் கோவில்பட்டியில் இருக்கிறார். பெயர் செலஸ்டின். சண்முகராஜ் அண்ணாச்சி நடத்தும் உள்ளூர் இன்டர்நெட் கம்பெனியில் நெட்வொர்க்கைக் கவனிப்பது அவர் வேலை. சண்முகராஜ், தீப்பெட்டி வியாபாரத்திலிருந்து கேபிள் டிவிக்கு வந்து, கேபிள் டிவியிலிருந்து இன்டர்நெட்டுக்கு வந்தவர். மூன்றிலும் பற்ற வைத்தால் பற்ற வேண்டும் என்ற ஒரே கொள்கை உடையவர். ஆபீசில் வாடிக்கையாளர் போனை எடுப்பது உமாதேவி. ஊரில் யாருக்கு நெட் நின்றாலும் முதல் வசவு அந்தப் பெண்ணுக்குத்தான்.

ஆடிக் காற்று அடிக்கிற சமயத்தில் தொல்லை தொடங்கியது. சாயங்காலம் ஆனால் நெட் இழுத்தது. சங்கதி இதுதான். உங்கள் போனுக்கு வரும் படமோ பாட்டோ முழுசாக வருவதில்லை. பொட்டலம் பொட்டலமாக வெட்டுப்பட்டு வருகிறது. பாக்கெட் என்பார்கள். ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் யார் அனுப்பியது, யாருக்கு, என்ன காரியமாக என்று எண்களாக எழுதியிருக்கும். ஊரில் கடைக்குக் கடை மாட்டியிருந்த மலிவுக் கேமராக்கள் சிலவற்றுக்குள் ஏதோ விஷமம் புகுந்து, அவை ராப்பகலாக வெற்றுப் பாக்கெட்டுகளைக் கொட்டிக்கொண்டிருந்தன. வாசலில் நின்று தலையைப் பார்த்து வேண்டாததைத் தள்ளிவிட ஒரு ஃபில்டர் போட வேண்டும். அந்த ஃபில்டர், அண்ணாச்சி காசு கொடுத்து வாங்கிப் போட்டிருந்த பெட்டிக்குள்ளேயே இருந்தது. நாலு வரி தட்டினால் போதும்.

நாலு வரி. செலஸ்டின் தட்டினாரா?

பெட்டியோடு வந்த கையேட்டை ஒரு சாயங்காலம் முழுக்க வாசித்தார். மூடி வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த இனத்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் வீட்டில் உள்ளவர்கள் உஷாராகிவிட வேண்டும்.

“ஏம்மா உமா, இந்தப் பெட்டி கம்பெனிக்காரன் ஃபில்டர் எழுதியிருக்க லட்சணத்தப் பாத்தியா. எல்லாத்தயும் இவனே முடிவு பண்ணிட்டான். நாம என்ன கேக்கணும்னு இவன் சொல்லுதான்.”

“குப்பை வருது, நிப்பாட்டணும். அவ்வளவுதான சார்?”

“அப்படித்தான் எல்லாரும் நினைக்காவ,” என்றார் செலஸ்டின், எல்லாருக்காகவும் வருத்தப்பட்டவராக.

அன்றைக்குத்தான் அவர் தீர்மானித்தார். ஃபில்டர் போடுவது அற்பம். ஃபில்டர்களை எழுதுவதற்கான கட்டளைகளையே முதலில் வகுக்க வேண்டும். ஒரு சின்னஞ்சிறு கற்பனை இயந்திரம். அதன் கையில் ஒரே ஓர் எண்தான் நிற்கும். பாக்கெட்டின் தலையிலிருந்து ஓர் எண்ணை எடு, கையிலிருப்பதை இன்னொன்றோடு ஒப்பிடு, ஒத்துவந்தால் இத்தனை வரி தாவு, கடைசியில் விடு அல்லது தள்ளு. எடு, ஒப்பிடு, தாவு, விடு, தள்ளு. உலகத்தில் உள்ள எந்த வடிகட்டலையும் இந்த ஐந்துக்குள் அடக்கிவிடலாம். உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? யோசனை நல்ல யோசனை. அழகாகவும் இருந்தது. இதே யோசனை பெரிய பெரிய மூளைக்காரர்களுக்கு எத்தனையோ வருஷத்துக்கு முன்பே வந்து, அவர்கள் செய்து முடித்து, உலகமே இலவசமாக எடுத்துப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. செலஸ்டினுக்கும் அது தெரியும். அதில் ஒரு குறை கண்டிருந்தார். அது அவர் செய்ததில்லை.

ஆவணி பிறந்தது. கட்டளைகளை எண்களாக எழுத எத்தனை இலக்கம் ஒதுக்குவது என்பதில் ஆவணி போனது. புரட்டாசியில் இன்னும் ஆழமான கேள்வி எழுந்தது. பூஜ்யம் என்ற எண்ணை எந்தக் கட்டளைக்குக் கொடுப்பது? விடு என்பதற்கா, தள்ளு என்பதற்கா? காய்கறிக் கடையில் நின்றும் யோசித்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லாரும் முழந்தாளிட்டபோது இவர் மட்டும் நின்றுகொண்டே யோசித்தார். மனைவி பிரிஸ்கில்லா சட்டையைப் பிடித்து இழுத்தாள். அந்த இழுப்பில் விடை கிடைத்தது. பூஜ்யம் என்றால் தள்ளு. எங்காவது எதுவும் எழுதாமல் வெற்றாகக் கிடந்தால் அது பூஜ்யம்தானே, சந்தேகம் என்று வந்தால் தள்ளிவிடுவதுதானே பத்திரம்? முழந்தாளிட்டுக் கடவுளுக்கு நன்றி சொன்னார். அவரைச் சுற்றி எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள்.

அவருடைய சட்டங்களில் மிக உயர்ந்தது ஒன்று உண்டு. தாவுவது முன்பக்கம் மட்டும்தான். பின்பக்கம் தாவக் கூடாது. பின்னால் போக விட்டால் இயந்திரம் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து ஒருநாளும் வேலையை முடிக்காது என்பார். இந்தச் சட்டத்தை எழுதிய கையோடு, முதல் பக்கத்துக்குப் போய் எல்லாவற்றையும் அடித்துவிட்டு மூன்றாவது முறையாக எழுதத் தொடங்கினார். தாவும்போது வரியை எங்கிருந்து எண்ணுவது? நிற்கும் வரியிலிருந்தா, அடுத்த வரியிலிருந்தா? முதல் இரண்டு முறையும் நிற்கும் வரியிலிருந்து. இப்போது அடுத்த வரியிலிருந்து. ஏன்? அதுதான் அழகு.

நடுவில் ஒருநாள் சண்முகராஜ் அண்ணாச்சி வந்து எட்டிப் பார்த்தார்.

“தம்பி, குப்பை நின்னுட்டா?”

“அண்ணாச்சி, குப்பைன்னா என்னன்னு முதல்ல வரையறுக்கணும்லா.”

அண்ணாச்சி அவரைப் பார்த்தார். பிறகு உமாதேவியைப் பார்த்தார். உமாதேவி அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்துக்கொண்டாள்.

ஐப்பசி மழை தொடங்கியபோது, பிரிஸ்கில்லாவின் தம்பி டெல்வினுக்குக் குளத்தூர்க் கோயிலில் கல்யாணம். செலஸ்டின்தான் மூத்த அத்தான். மாப்பிள்ளை பக்கம் சாட்சிக் கையெழுத்து அவருடையது. வருகிறவர்களை வாசலில் நின்று வாங்க என்று சொல்வதும் அவருடைய பொறுப்பு. இரண்டையும் ஒரு மாதமாகப் பிரிஸ்கில்லா அவருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். பட்டு வேட்டி, புதுச் சட்டை, எல்லாம் சரி. கையில் லேப்டாப் பை மட்டும் எதற்கு என்று கேட்டாள். சும்மா இருக்கட்டும் என்றார். சும்மா இருக்குமா?

பூசை தொடங்கப் போகிற நேரத்தில் உமாதேவியின் போன் வந்தது. கேமராக்கள் எல்லாம் சேர்ந்து வெறி பிடித்ததுபோலக் கொட்டுகின்றன. நெட் தவழ்கிறது. தீப்பெட்டி ஆலை மணிகண்டபிரபு வடக்கே போகும் லாரிகளில் சரக்கேற்றி நிறுத்தியிருக்கிறார். சரக்குக்கு நெட்டில் இ-வே பில் எடுத்தால்தான் லாரி நகரும். அவர் கத்திக்கொண்டிருக்கிறார்.

“சார், கம்பெனிக்காரன் குடுத்த அந்த நாலு வரியவாவது போட்டு விடுங்களேன்.”

இந்தச் செய்தி கேட்டதும் ஒரு சாதாரண மனிதர் பதறிப்போவார். செலஸ்டினுக்கு மனம் குளிர்ந்தது. மாதக்கணக்காக அவர் கட்டிய இயந்திரத்துக்கு ஒரு சந்தர்ப்பம் இல்லாமல் இருந்தது. இதோ வந்துவிட்டது. அது முந்தின வாரமே தனியாக ஒரு பெட்டியில் ஏறி, ஊரின் மொத்த நெட்டும் கடந்து போகும் வழியில் உட்கார்ந்து, கட்டளைக்குக் காத்திருந்தது. கோயில் மதிலோரம் ஒரு ஸ்கூட்டர் சீட்டின் மேல் லேப்டாப்பை விரித்தார். எடு என்றார், ஒப்பிடு என்றார், தாவு என்றார். உள்ளே பாடகர் குழு பாடத் தொடங்கியது. வாசலில் வந்தவர்களை யாரும் வாங்க என்று சொல்லவில்லை. அவர்களாகவே உள்ளே போனார்கள். எழுதி முடித்து, அங்கிருந்தபடியே கோவில்பட்டிப் பெட்டிக்கு அனுப்பினார். திரையில் குப்பையைக் காட்டும் கோடு மலையிலிருந்து உருண்டதுபோல விழுந்து தரையில் படுத்தது.

அந்த நிமிஷத்தில் அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உள்ளே மாப்பிள்ளை முகத்தில்கூட அவ்வளவு ஒளி இல்லை.

போன் அடித்தது.

“சார், நின்னுட்டு.”

“சொன்னேன்லாம்மா.”

“எல்லாமே நின்னுட்டு சார். ஊருக்கே நெட் இல்ல.”

குப்பை நின்றது. குப்பையல்லாததும் நின்றது. அவசரமாக உள்ளே நுழைந்து திருத்தலாம் என்று பார்த்தார். நுழைய முடியவில்லை. அவர் அனுப்பியதும் பாக்கெட்தானே. அவருடைய இயந்திரம் அதன் தலையைப் பார்த்தது, தள்ளியது. ஆள் பார்த்துச் சலுகை காட்டாத இயந்திரம்.

“பெட்டிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா.”

“பண்ணிட்டேன் சார். மறுபடியும் அதேதான்.”

கரண்ட் போய்வந்தாலும் கடைசியாகச் சொன்னதை மறக்கக் கூடாது என்று அதற்குக் கற்றுக் கொடுத்தவரும் அவரே. ஒரு மாதம் உழைத்துக் கற்றுக் கொடுத்திருந்தார்.

“சரி, பெட்டியில கீபோர்டச் சொருவு. நான் சொல்லச் சொல்ல நம்பர அடி. முதல்ல ‘எடு’.”

“‘எடு’ன்னா என்ன நம்பர் சார்?”

“நீ எந்த வெர்ஷன வச்சிருக்க?”

 உமாதேவிக்குப் பின்னால் மற்ற போன்கள் அடித்துக்கொண்டிருந்தன.

நேரில் போனால்தான் ஆகும். செலஸ்டின் பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். மோதிரம் மாற்றுவதற்குள் கையெழுத்துக்கு ஆளைத் தேடி வெளியே வந்த பிரிஸ்கில்லா, அவர் பைக்கை உதைப்பதைப் பார்த்துவிட்டாள்.

“எங்க கிளம்புதிய?”

“ஊருக்கே நெட் இல்ல, பிரிஸ்கி.”

“யாரு நிப்பாட்டுனது?”

செலஸ்டின் மறுபடியும் பைக்கை உதைத்தார்.

“உங்கள எங்க கூட்டிட்டுப் போனாலும் நீங்க அங்க இருக்கது இல்ல,” என்றாள். குரலை உயர்த்தவில்லை. கண் கலங்கியிருந்தது. “இன்னைக்கு ஒருநா இருப்பியன்னு நினைச்சேன். போங்க.”

அவருக்குச் சுருக்கென்றது. ஒரு கணம் பைக்கை நிறுத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் அந்த ஒரு கணத்திலேயே, எந்த வரியில் பிழை என்ற கேள்வியும் தோன்றிவிட்டது. இரண்டும் ஒரே மண்டையில் தோன்றினால் எது ஜெயிக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா?

கோவில்பட்டிக்கு நல்ல தார்ச்சாலை இருக்கிறது. எல்லாரும் அதில்தான் போகிறார்கள். அதனாலேயே செலஸ்டினுக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்தச் சாலை தேவையில்லாமல் வளைகிறது என்று அவர் எப்போதோ கணக்குப் போட்டு வைத்திருந்தார். பசுவந்தனைக்குக் கிழக்கே ரோட்டை விட்டு இறங்கி மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே நேராக வெட்டினால் பாதி தூரம் மிச்சம். இறங்கினார். மழை பெய்த கரிசலில் பைக் போனால் என்ன ஆகும் என்று அந்தச் சீமையில் பிறந்த கோழிக்குஞ்சுக்குக்கூடத் தெரியும். மண் டயரில் ஏறியது, டயரிலிருந்து மட்கார்டுக்குள் ஏறியது, மாவு பிசைந்து அடைத்ததுபோல இறுகியது, சக்கரம் சுற்ற மறுத்தது. இறங்கித் தள்ளினார். செருப்பில் ஏறிய மண் அவரை அரை அடி உயர்த்தியது. வாழ்க்கையில் அவர் அடைந்த ஒரே உயர்வு அதுதான் என்று பிரிஸ்கில்லா இருந்தால் சொல்லியிருப்பாள்.

பக்கத்துக் காட்டில் ஒருவர் நின்றார். பெயர் கொம்பையா. முதுகில் மருந்தடிக்கும் டப்பா. அது கடையில் வாங்கிய டப்பா அல்ல. ஒரு பிளாஸ்டிக் கேன், ஒரு சைக்கிள் பம்பு, எதற்கென்று தெரியாத இரண்டு குழாய்கள்.

“அண்ணாச்சி, மண்ணு நோண்ட ஒரு குச்சி கிடைக்குமா?”

“குச்சியில எடுத்தா திரும்ப ஏறும் அண்ணாச்சி,” என்றார் கொம்பையா. “மட்கார்டே தப்பு. அத இப்படி வச்சிருக்கக் கூடாது. நான் ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன்.”

செலஸ்டினின் முகம் மலர்ந்தது. பாலைவனத்தில் சொந்த ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி. கொம்பையா தன் மட்கார்டை விளக்கினார். பிறகு தன் டப்பாவை விளக்கினார். கடை டப்பாவில் என்ன குறை என்று விளக்கினார். அது மருந்தைப் பயிரின் மேல் அடித்துவிடுகிறது. இவருடையது இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை. பதிலுக்குச் செலஸ்டின் ஐந்து கட்டளைகளை விளக்கினார். தாவும்போது அடுத்த வரியிலிருந்து எண்ண வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், வாயை மூடினார்.

பிழை தெரிந்துவிட்டது.

கோயில் வாசலில், கை பழைய பழக்கத்தில், நிற்கும் வரியிலிருந்து எண்ணிவிட்டது. இயந்திரமோ புதிய சட்டப்படி அடுத்த வரியிலிருந்து எண்ணியது. ஒரு வரி கூடுதலாகத் தாவி, விடு என்று எழுதியிருந்த இடத்தைத் தாண்டி, எதுவும் எழுதாத வெற்றிடத்தில் போய் விழுந்தது. வெற்றிடம் என்றால் பூஜ்யம். பூஜ்யம் என்றால் தள்ளு.

“அப்ப மிஷினு சரியாத்தான் செஞ்சிருக்கு,” என்றார் கொம்பையா.

“நூத்துக்கு நூறு,” என்றார் செலஸ்டின் பூரிப்போடு. எழுதியவன்தான் தப்பு. எழுதியவன் யார் என்பது அந்தச் சமயத்தில் அவருக்கு ஒரு சிறு விவரமாகவே பட்டது. இருவரும் மனசில்லாமல் பிரிந்தார்கள்.

இதற்கிடையில் கோவில்பட்டியில் என்ன நடந்தது? மணிகண்டபிரபு நேரே ஆபீசுக்கு வந்து, ஏற்றிய லாரிகளை நிறுத்தி வைத்துக்கொண்டு இனி உங்களோடு வியாபாரம் இல்லை, அடுத்த கம்பெனிக்காரன் வயர் இழுத்துக்கொண்டிருக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போனார். கேபிள் காலத்திலிருந்து அண்ணாச்சியோடு இருந்தவர். அண்ணாச்சி அவர் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மிஷின் அறைக்குள் வந்தார்.

“எல்லாம் எங்கன போயி முட்டுது?”

“இந்தப் பெட்டியில, முதலாளி.”

“இத எடுத்துட்டு வயர நேரா சொருவு.”

“சார் வந்துரட்டும்னு…”

“உமா.”

சொருகினாள். ஊருக்கு நெட் வந்தது. குப்பையும் கூடவே வந்தது, முன்பு போலவே இழுத்தது, ஆனால் ஒருவரும் குறை சொல்லவில்லை. ஒன்றுமே இல்லாமல் கிடந்தவர்களுக்கு இழுக்கிற நெட் பறக்கிற நெட்டாகத் தெரிந்தது. ஸ்பீடு கூட்டிவிட்டீர்களா என்று இரண்டு பேர் போன் செய்து நன்றி சொன்னார்கள்.

இடுப்பு வரை கரிசலோடு செலஸ்டின் வந்து சேர்ந்தபோது அவருடைய பெட்டி மேசை ஓரத்தில் வயர் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தார். அப்புறம்தான் அண்ணாச்சியை.

“அண்ணாச்சி, பிழையக் கண்டுபிடிச்சிட்டேன். ஒரே ஒரு நம்பர்தான்.”

“தம்பி,” என்றார் சண்முகராஜ். சோர்ந்திருந்தார். “மணிகண்டன் போயிட்டான். நான் கேபிள் ஆரம்பிச்சப்ப முதல் கனெக்சன் அவன் வீட்டுக்குத்தான். கம்பெனிக்காரன் குடுத்த அந்த நாலு வரிய இப்பவே போடு. நான் இங்கனயே உக்காந்திருக்கேன். போட ஏலாதுன்னா சொல்லு, நாளையிலருந்து வரண்டாம்.”

செலஸ்டின் போட்டார். உமாதேவி கொண்டுவந்து வைத்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. குப்பை நின்றது, மற்றதெல்லாம் பறந்தது. அண்ணாச்சி எழுந்து போனார். செலஸ்டின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதை அவரால் தாங்க முடியவில்லை.

“நல்லா ஓடுது சார்,” என்றாள் உமாதேவி, ஆறுதலுக்கு.

“ஓடத்தான் செய்யுது,” என்றார். “ஆனா அழகில்ல பாத்தியா.”

சாட்சிக் கையெழுத்தை அன்றைக்கு யாரோ ஒரு தூரத்து மாமா போட்டார். கறிச்சாப்பாடு முடிந்து, கூட்டம் கலைந்து, பிரிஸ்கில்லா பஸ்ஸில் தனியாக வீடு வந்து சேர்ந்தாள். பல நாள் அவரோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. செலஸ்டின் உண்மையாகவே வருந்தினார். ரெண்டு தடவை மன்னிப்பும் கேட்டார். கேட்ட விதம் திருப்தியில்லை என்று மூன்றாம் தடவை வேறு மாதிரி கேட்டார்.

மறுவீடு எல்லாம் முடிந்து டெல்வினும் புதுப் பெண்ணும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். கல்யாண போட்டோக்கள் எதிலும் அத்தான் இல்லை. டெல்வின் அதைப் பற்றிப் பேசவும் இல்லை, நல்ல பையன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, தயங்கித் தயங்கி ஓர் உதவி கேட்டான்.

“அத்தான், புது வீட்டுக்கு ஒரு வைஃபை டப்பா வாங்கணும். எது நல்லதுன்னு சொல்லுங்களேன்.”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. பிரிஸ்கில்லா வாசல்படியில் வந்து நின்றாள். செலஸ்டின் அவளைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். நிஜமாகவே வாயை மூடிக்கொண்டு இருக்கத்தான் முயன்றார். நெற்றியில் வேர்த்தது.

“கடையில விக்குத எதாவது ஒண்ண வாங்கிக்கோ,” என்றார் கடைசியில்.

பிரிஸ்கில்லா நம்ப முடியாமல் பெருமூச்சு விட்டாள். டெல்வின் சரி என்று தலையாட்டினான். செலஸ்டின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“வாங்கு. ஆனா பிரிக்காம கொண்டுட்டு வா.”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நமக்கெல்லாம் பாக்கெட்டும் தெரியாது, ஃபில்டரும் தெரியாது, நாம் இந்த இனத்தில் சேர்த்தியில்லை என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். நல்லது. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதைப் படித்துக்கொண்டு வரும்போது எங்காவது ஓரிடத்தில், விஷயம் சரிதான், சொன்ன முறைதான் சரியில்லை, இதை முதல் வரியிலிருந்தே வேறு மாதிரி எழுதியிருக்க வேண்டும், நான் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பேன் தெரியுமா என்று உங்களுக்குத் தோன்றியதா?

தோன்றியிருந்தால் உங்கள் கண்ணாடியை மட்டும் கழற்றாதீர்கள். வீட்டில் இருக்கிறவர்கள் பாவம்.